விலக்கு

கடிதம் சொல்கிறது:
இருநூற்று நாற்பது கிரெடிட்டில் முப்பத்தாறுக்கு
விலக்கு உண்டு, செல்வி தேவமலர் மூட்லி.

விலக்கு என்றால் எங்கள் மொழியில் இரண்டு.
படிக்க வேண்டாம் என்பது ஒன்று,
எட்டி நில் என்பது மற்றொன்று.
இரண்டையும் ஒரே உறையில் போட்டிருக்கிறார்கள்.

நில அளவை: ஏற்கப்பட்டது.
ஆங்கிலத் தொடர்பாடல்: ஏற்கப்பட்டது.
கணிதம்: காலாவதி.
பத்து ஆண்டில் வகைநுண்கணிதம் ஊசிப்போகுமாம்,
பாத்திரத்தையாவது மாற்றி வைத்திருக்கலாம் நான்.
வரைவுக்கூடம்: ஏற்பதற்கில்லை. எவருக்கும் இல்லை.
கட்டடப் பொருட்கள்:
பாடத்திட்டம் இணைக்கப்படவில்லை.

இணைக்க அந்தக் கல்லூரியே இல்லை.
நான் டிப்ளமோ வாங்கிய மறு ஆண்டு
எதிர்த் தெருக் கல்லூரியோடு அதற்குக் கல்யாணம்.
இரண்டுமே பெயரை மாற்றிக்கொண்டன.
பிறந்த வீட்டுப் பெயரில் ஒரு தாள் கேட்டு
வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் போனேன்.
காவலர் மக்வனாசி சாவிக்கொத்தோடு
நிலவறைக்கு இறங்கினார். பின்னால் நான்.

புத்தகம் இருந்தது.
பக்கம் எண்பத்தொன்று:
'ஈரக்கசிவு, காரணமும் தடுப்பும்.'
அது எண்பத்திரண்டோடு
ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது.
முதலில் சிரித்தது அவர்தான்.
அவருடைய பேனாக்கத்தியால் மெல்லப் பிரித்தோம்,
ஆறாத புண்ணின் துணியைப் பிரிப்பதுபோல.

பதினாறு ஆண்டாக
டர்பன் மாநகராட்சி, வரைபட அனுமதி, மூன்றாம் கவுண்டர்.
மேலே பெரியா மலையில் படித்து இறங்கியவர்கள்
குழாய் குழாயாகச் சுருட்டிக் கொண்டுவருவார்கள்.
விரித்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி
வடக்கு எங்கே?
அம்புக்குறி இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.
இந்த ஊரில் வெயில் வடக்கே நின்று அடிக்கும்.
இங்கிலாந்தில் அச்சிட்ட எங்கள் பாடநூலோ
தெற்கே ஜன்னல் வை என்றது.
வகுப்பு முழுக்க, பென்சிலால்,
இருபத்தாறு பேர் சூரியனைத் திருத்தினோம்.
அதற்கு எத்தனை கிரெடிட் என்று
அட்டவணையில் தேடினேன்.

படிவத்தின் கடைசிப் பக்கம் கேட்கிறது:
நீங்கள் வடிவமைத்த ஒன்றைக் காட்டுக.

இருக்கிறது ஒன்று.
சாட்ஸ்வொர்த்தில், எங்கள் வீட்டின் பின்புறம்.
பக்கவாதத்துக்குப் பிறகு தம்பி சாகரனுக்காக எழுப்பியது.
பன்னிரண்டுக்கு ஒன்றாய்ச் சரியும் தளம்.
சக்கர நாற்காலியில் இருப்பவன் கண்ணுக்குத் தாழ்த்திய ஜன்னல்,
அதில் பக்கத்து வீட்டு அவகாடோ மரம் பாதி.
ஜூலைக் குளிரில் வெயில் உள்ளே வந்து
அவன் முழங்கால்வரை ஏறி உட்காரும்.

அனுமதி இல்லாத அறை அது.
ஆமாம், மூன்றாம் கவுண்டர்க்காரியின் வீட்டில்.
'இடிக்க நேரிடும்' என்று
எத்தனை பேர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன்,
குரல் உயர்த்தாமல்.

நேற்று இரவு அளந்தோம்.
டேப்பின் பூஜ்யத்தை நல்ல கையால்
சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான் சாகரன்.
எல்லைச் சுவருக்குப் பத்து சென்டிமீட்டர் போதவில்லை.
"கூட்டி எழுதேன், யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?"
"நான்தான்," என்றேன்.
உள்ளபடி எழுதினேன்.

இரண்டு பிரதி.
ஒன்று மலைமேல் போகிறது,
வரைவுக்கூடத்தை மறுபரிசீலிக்கக் கோரி.
இன்னொன்றை இன்று காலை
அபராதமும் கட்டணமும் கட்டிய ரசீதோடு
இரண்டாம் கவுண்டர் வரிசையில் நின்று நீட்டினேன்.

நொம்புசோ நிமிர்ந்து பார்த்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
தாளை விரித்தாள், நான்கு மூலையிலும் விரல் வைத்தாள்,
தலையைச் சாய்த்து ஒருமுறை, நேராக்கி ஒருமுறை.

"தேவா, வடக்கு எங்கே?"

அவளிடமே
பேனா கடன் கேட்டேன்.